லோரி கேமைத் தேடிக் கிள்ளான் வரை

ஷா ஆலம் ரயில் நிலையத்தில் அன்று காலை நின்றவர்கள் இரண்டே பேர்: நானும், ஜப்பானியத் தலைமையகத்திலிருந்து வந்திருந்த பொறியாளர் ஹராதாவும். வராதவர் எங்கள் மேலாளர் லிம். கேம் எழுதுகிறவர்கள்தான் நம்மைத் தேடி வர வேண்டும், நாம் போவதாவது என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்.

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. எங்கள் கம்பெனி வீடியோ கேம் பெட்டி செய்கிறது. பெட்டியில் குறையில்லை, போட்டு ஆடத்தான் கேம் இல்லை. எங்களுக்கு எழுதிக்கொண்டிருந்த வெளியாட்கள் ஒவ்வொருவராகக் கம்ப்யூட்டர் கேம் பக்கம் போய்விட்டார்கள். மாதக் கடைசிக்குள் ஒருவராவது திரும்பி வராவிட்டால் வெளியார் பிரிவை மூடிவிடுவது என்பது தலைமையகத்தின் முடிவு. அந்தப் பிரிவு என்பதே நான் ஒருவன்தான். பந்திங்கில் செம்பனை எண்ணெய்க் குலை ஏற்றும் லோரி ஓட்டும் அப்பா, என் கழுத்தில் தொங்கும் ஆபீஸ் அட்டையை ஞாயிற்றுக்கிழமைகூடக் கழற்ற விடமாட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்.

8.40 ரயில். கோலாலம்பூருக்குத் தலைக்கு இரண்டு வெள்ளி ஐம்பது சென். உட்கார இடம் இருந்தும் எனக்கு உட்காரத் தோன்றவில்லை. பையில் இரண்டு உறைகள். ஒன்றில் கேம் எழுத உதவும் மெஷின் இனி பாதி விலை என்ற கடிதம். மற்றதில் ஹோட்டல் விருந்துக்கு அழைப்பு.

"அவர்கள் ஏன் போனார்கள்?" என்று ஹராதா ஆங்கிலத்தில் கேட்டார்.

"விலை" என்றேன். லிம் எப்போதும் சொல்வது அதுதான்.

நிலையத்திலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நடந்தோம். பத்து மணி வெயிலுக்கே ஹராதாவின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஒரு வண்டிக்கடையில் நாலு வடை வாங்கினேன், ஒரு வெள்ளி இருபது. எங்களை விட்டுப் போன சிவாவின் விலாசத்தில் இருந்த மாடியில் பெயர்ப்பலகையைக் காணோம். கீழே முடிதிருத்தும் கடைக்காரர் கத்தரியை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"கேம் செய்யிற சிவா வீடா? அவரும் சம்சாரமும் கிள்ளானுக்கு மாறிட்டாங்களே தம்பி, எப்பவோ! வாடகை கட்ட முடியல லா. தெங்கு கிளானா ரோட்டுல துணிக்கடை மாடின்னு சொன்னாங்க. நீங்க யாரு, வாடகைக்கா?"

"இல்ல அண்ணே, கம்பெனி."

"எந்தக் கம்பெனி? அவர அலைய வச்ச கம்பெனியா?"

நாற்காலியில் சோப்பு நுரையோடு இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் சோதனையில் தேறாத கேமைத் திரும்ப வாங்க சிவாவே எங்கள் ஆபீஸ் கவுன்டருக்கு வருவார். எங்கே குடியிருக்கிறார் என்று நாங்கள் ஒரு தடவையும் கேட்டதில்லை.

மறுபடி ரயில், கிள்ளானுக்குத் தலைக்கு மூன்று வெள்ளி அறுபது. வண்டி வந்த வழியே ஊர்ந்து ஷா ஆலத்தில் நின்றது. காலையில் நாங்கள் ஏறிய அதே நிலையம். "நம் நிலையம்" என்றார் ஹராதா. நான் என் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிள்ளான் அங்கிருந்து மூன்றாவது நிறுத்தம்.

துணிக்கடை மாடியில் கதவைத் திறந்தவர் சிவாவேதான். "வாங்க பாஸ்! கவுன்டரு இன்னைக்குக் கிள்ளானுக்கே வந்திருச்சா?"

உள்ளே அவர் மனைவி கலா படம் வரைந்துகொண்டிருந்தார். கேம் எழுதுவது சிவா, படமெல்லாம் கலா. "பேக் ஏதும் கொண்டாரலயே? போன வருசம் டின்னர்ல குடுத்த பேக்குலதான் எங்கம்மா பாசாருக்கு மீன் வாங்கப் போறாங்க."

விருந்து அழைப்பைப் பைக்குள்ளேயே அமுக்கிவிட்டு, பாதி விலைக் கடிதத்தை நீட்டினேன். சிவா பிரிக்கவில்லை. "மெஷின் எங்ககிட்டயே கிடக்கு லா. தூசி தட்டத்தான் ஆளில்ல."

"லோரி கேம மூணு தடவ குடுத்தோம்" என்றார் கலா, தேத்தண்ணி டம்ளரை என் முன்னால் வைத்து. "மூணு தடவயும் செவப்பு அட்டை ஒட்டி அனுப்புனீங்க. என்னா தப்புன்னு ஒரு வார்த்தை?"

காரணம் சொல்லக் கூடாது என்பது எங்கள் சோதனை அறையின் வழக்கம். சொன்னால் அதை மட்டும் ஒட்டுப்போட்டுக் கொண்டுவருவார்களாம். இதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இவரு இஞ்சினியர்தானே? இப்பவே ஆடிப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க" என்றார் கலா.

மொழிபெயர்த்தேன். அனுமதியில்லை என்றார் ஹராதா. கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தவர், டையைக் கழற்றிச் சட்டைப் பையில் திணித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

திரையில் செம்மண் பாதை. லோரி செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குள் போகிறது. வளைவில் வேகம் கூடினால் குலை உருளும், நாய் துரத்தும். "அண்ணே, மழைக்கு அப்புறம் பின்சக்கரம் இப்படித்தான் இழுக்கும்!" என்று என்னை அறியாமல் கத்தினேன்.

"நம்ம கம்பெனில லோரி தெரிஞ்ச ஆளும் இருக்காரு பாரு" என்றார் சிவா மனைவியிடம். 'நம்ம' என்றதை நான் கவனித்தேன். அவர் கவனிக்கவில்லை.

மூன்றாவது தோட்டத்தில் ஹராதா திடீரென்று கன்ட்ரோலரின் வயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கினார். ஓட்ட ஆளில்லாத லோரி நேரே போய்க் கால்வாயில் விழுந்தது.

"இதுதான்" என்றார். "வயர் கழன்றால் கேம் தானாக நிற்க வேண்டும். எங்கள் விதி."

"எங்க எழுதியிருக்கு?" சிவா கேட்டதை மொழிபெயர்த்தேன்.

"சோதனை அறைக்குள்."

சிவா எழுந்து ஜன்னலுக்குப் போனார். "அஞ்சு நிமிச வேலை. அஞ்சு நிமிசம் லா! இதுக்கா நான் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்ட விட்டேன்?"

கலா என் பக்கம் திரும்பினார். "சரி பண்ணித் தரோம். ஆனா இனிமே திருப்பி அனுப்புனா காரணத்தோட அனுப்பணும். எங்களுக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும். இப்பவே சொல்லணும்."

கீழே பொதுத் தொலைபேசியில் முப்பது சென் போட்டேன். முடியாது, ரகசியம் வெளியே போய்விடும் என்றார் லிம். கடை ஓர நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். அப்பா முகம், கழுத்து அட்டை, மாதக் கடைசி. இறங்கி வந்த ஹராதா இன்னொரு முப்பது சென் கேட்டு வாங்கினார்.

"மிஸ்டர் லிம்," என்றார் நிதானமாக, "இவர்களும் போய்விட்டால் நம்மிடம் ரகசியம் மட்டும்தான் மிஞ்சும். தலைமையகத்துக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்." பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என்னைப் பார்த்துச் சரியென்று தலையசைத்தார்.

மாடிக்கு இரண்டிரண்டு படியாகத் தாவினேன்.

"லோரிய வெள்ளிக்கிழமை கொண்டாரேன்" என்றார் சிவா. "அடுத்த கேம் யாருக்குன்னு அப்புறம் பாப்போம்."

"நீங்க ஏன் கொண்டுபோறீங்க?" என்றார் கலா. "அவங்களே வந்து வாங்கிக்கட்டும். வழிதான் தெரிஞ்சிருச்சே!"

திரும்பும் பயணம் தலைக்கு ஒரு வெள்ளி. உட்கார்ந்தேன், உட்கார்ந்த சூடு ஏறுவதற்குள் ஷா ஆலம் வந்துவிட்டது.

மறுநாள் செலவுக் கணக்கை லிம்மிடம் நீட்டினேன். விருந்துக்கு முன்பணம் கட்டிய ரசீது அவர் மேசையில் கிடந்தது. பேனாவை எடுத்தவர், இவ்வளவுதானா என்று கேட்டார். இருவருக்கும் ரயில், நாலு வடை, இரண்டு தொலைபேசி அழைப்பு: மொத்தம் பதினாறு வெள்ளி.