பச்சையில் மஞ்சள் பூ

எங்கள் ஊர் என்றால் ஒரே ஒரு தெருதான். மலாயாவில், கிள்ளானுக்குப் போகும் செம்மண் சாலையில் சீனர் மளிகைக்கடை, முடிவெட்டும் கடை, கள்ளுக்கடை, அம்மன் கோயில், அப்பாவின் துணிக்கடை. ஆனால் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டம், தென்னந்தோட்டம், காய்கறிக் கொல்லை எல்லாவற்றுக்கும் நாங்கள்தான் பட்டணம். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அந்த வருஷம் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். ஆற்றுக்கு அக்கரைத் தென்னந்தோட்டத்துக்காரர். தேங்காய் வண்டி ஓட்டிக்கொண்டு எங்கள் தெருவழியே போவார். கடைக்குள்ளிருந்து நான் ஆசை ஆசையாகப் பார்த்திருக்கிறேன். அவர் என்னைப் பார்த்ததில்லை. இது அமையாவிட்டால் கப்பலேற்றி இந்தியாவில் சொந்த ஊருக்கு அனுப்பி, மாமன் மகனுக்குக் கட்டிவிடுவதென்று அம்மா முடிவாக இருந்தாள். தகரப்பெட்டிகூட வாங்கியாகிவிட்டது. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் பக்கம் பெண்ணைத் திருவிழாவில்தான் காட்டுவார்கள். சேலை அடையாளம் சொல்லிவிடுவார்கள். பிடித்தால் பேச்சு, பிடிக்காவிட்டால் யாருக்கும் அவமானமில்லை. ‘பச்சையிலே மஞ்சப்பூ’ என்று அப்பா சொல்லி அனுப்பினார். சொன்ன அதே மனுஷர், “இது ஒண்ணுதாம்மா வந்துச்சு, ஒனக்குன்னே எடுத்து வச்சேன்” என்று அந்தச் சேலையைத் தோட்டம் தோட்டமாக விற்றும் இருந்தார். வியாபாரம் என்று வந்துவிட்டால் அவருக்குப் பெற்ற மகள்கூட நினைவில் நிற்க மாட்டாள்.

திருவிழா மாலை தெரு முழுக்கப் பச்சை, தெரு முழுக்க மஞ்சப்பூ. பெண்கள் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் பானகம் ஊற்றுகிற இடத்தில் போய் ஒளிந்துகொண்டார். மாப்பிள்ளையின் அம்மாவோ அதே சேலை கட்டிய யாரோ ஒரு சிவத்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நேரே அப்பாவிடம் போனேன்.

“ஊருக்கெல்லாம் ஒரே சேலைய வித்துட்டு என்னையக் கப்பல்ல ஏத்தப் போறீங்களாப்பா?”

மெதுவாகக் கேட்பதாகத்தான் நினைத்தேன். தெருவே திரும்பிப் பார்த்தது. தேங்காய் வண்டிக்காரரும் திரும்பினார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உரக்கக் கூப்பிட்டார்.

“அம்மா, அந்தப் புள்ளைய விடுங்க. நம்ம பொண்ணு இங்க கத்துது!”

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

கல்யாணச் சேலையை மாமியார் கிள்ளானில் எடுத்தார். எங்கள் கடைப்பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. தகரப்பெட்டியைத் தேங்காய் வண்டியில் தூக்கி வைத்த என் வீட்டுக்காரர், “என்னா இவ்ளோ பெரிய பெட்டி?” என்றார்.

“ரொம்பத் தூரம் போறதுக்கு வாங்குனது” என்றேன்.

ஆற்றைத் தாண்டியதும் இறக்கி வைத்தோம். அதற்கப்புறம் அது எங்கேயும் போகவில்லை.