நிலைக்குப் பொட்டு வைத்தவள்

பின்கட்டிலிருந்து கடப்பாறை மண்சுவரைக் குத்தும் சத்தம் 'தொம் தொம்' என்று கேட்டுக்கொண்டேயிருந்தது. அடுப்படியில் உட்கார்ந்து மஞ்சள் உரைத்துக்கொண்டிருந்த சம்பூர்ணம் ஒவ்வொரு குத்துக்கும் கண்ணை மூடித் திறந்தாள்.

"ஆசாரி சொவரத்தானக்கா இடிக்கிறாரு? ஒன் நெஞ்சையா இடிக்கிறாரு?" என்று சிரித்தாள், எதிரே சுண்ணாம்புப் பானையைக் கலக்கிக்கொண்டிருந்த பூங்காவனம்.

"ஒனக்கென்னடி, வூட்டைச் சக்கரத்து மேல வெச்சிக்கிட்டு ஊர் ஊராப் போறவ. இடிக்கணும், கட்டணும்னு ஒனக்கு என்ன கவலை?"

"ஆமா, பெரிய வூடு! மழை பேஞ்சா தார்ப்பாய் ஒழுவும். வெயிலடிச்சா இட்லிச் சட்டிக்குள்ள இருக்குற மாதிரி வேவும். வர்றியா, மாத்திக்கலாம்?"

அரியலூரில் சம்பூர்ணத்தின் வீட்டை ஒட்டிய காலி மனையில் அந்த வீடு நின்றுகொண்டிருந்தது. அது ஒரு பழைய லாரி. பின்பாதியில் பிரித்து அடுக்கிய ராட்டினத்தின் இரும்புச் சட்டங்களும் தொட்டில்களும். முன்பாதியில் தார்ப்பாய்க் கூரைக்குக் கீழே ஒரு பலகைக் கட்டில், ஸ்டவ், கொக்கியில் தொங்கும் பாத்திரங்கள், மாரியம்மன் படம். திருவிழா எங்கே நடக்கிறதோ அங்கே பூங்காவனமும் அவள் புருஷன் தர்மனும் ராட்டினம் போடுவார்கள். ஆண்டுதோறும் பங்குனியில் கல்லங்குறிச்சித் தேர் முடிந்ததும் லாரியை இங்கே கொண்டுவந்து நிறுத்திச் சில நாட்கள் தங்குவார்கள். ஒரு வருஷம் இந்தத் தெருவில் அச்சு முறிந்து நின்றபோது, சம்பூர்ணம் ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்று தொடங்கிய உறவு.

அந்த வருஷம்தான் சம்பூர்ணத்தின் கணவன் உத்திராபதி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். சுண்ணாம்புக்கல் வண்டி ஓட்டியவன். அவன் போன பிறகு அவள் மாட்டை விற்றாள். மாணவியர் விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். நெருப்பிலும் புகையிலும் வெந்து, ஒரே மகள் மலர்க்கொடியை ஜெயங்கொண்டத்தில் கட்டிக்கொடுத்தாள். அந்த மகளுக்குத்தான் போன வருஷம் மாமியார் வீட்டில் தலைப்பிள்ளை பிறந்த சூட்டோடு இறந்தது. குழந்தையின் முகத்தைக்கூட அந்தப் பாவிப் பெண் பார்க்கவில்லை.

இப்போது மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். இந்தத் தடவை பிரசவம் என் வீட்டில்தான் என்று சம்பூர்ணம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் இருப்பது ஓர் அறையும் ஓர் அடுப்படியும். அதனால்தான் சும்மா கிடந்த மாட்டுக்கொட்டகை இப்போது அறையாக மாறிக்கொண்டிருந்தது. பூங்காவனம் வந்த நாளிலிருந்து அதற்குள்ளேயே கிடந்தாள். உடைந்த ஓட்டை மாற்றினாள், தரையை மெழுகினாள், ஏணியில் ஏறி வெள்ளையடித்தாள்.

"ஏண்டி, சுண்ணாம்பு சொவத்துக்கா, ஒன் மூஞ்சிக்கா?" என்று சம்பூர்ணம் கேலி செய்தால், "எதுல பூசினாலும் நான் அழகுதான்க்கா" என்று அவளும் திருப்பிக் கொடுப்பாள்.

தர்மன் மட்டும் வரவில்லை. மாயவன் என்ற டிரைவர்தான் லாரியை ஓட்டி வந்திருந்தான். "சமயபுரத்துல எடம் புடிக்க முன்னாடியே போயிட்டாருக்கா. இல்லேன்னா வேற ராட்டினக்காரன் நொழைஞ்சிடுவான்" என்று சொல்லியிருந்தாள் பூங்காவனம்.

இன்று வெள்ளிக்கிழமை. புது அறைக்குக் கதவு நிலை வைக்கும் நாள். மத்தியானம் லாரி புறப்படுகிறது.

கடப்பாறைச் சத்தம் நின்றது. "சம்பூர்ணம்மா, வாசல் வெட்டியாச்சு" என்று பின்கட்டிலிருந்து அமிர்தலிங்க ஆசாரி குரல் கொடுத்தார். "நல்ல நேரம் போறதுக்குள்ள நெலைக்கு மஞ்சக் குங்குமம் வெச்சாகணும். சுமங்கலிக் கை ஒண்ணு வேணும்."

"இந்தா வந்துட்டோம்!" என்ற சம்பூர்ணம், தட்டைப் பூங்காவனத்தின் பக்கம் நகர்த்தினாள். "எந்திரிடி. கையக் கழுவிட்டு வா."

பூங்காவனத்தின் சிரிப்பு எங்கே போயிற்று? பானையில் விட்ட கை அப்படியே நின்றது.

"நான் வேண்டாங்க்கா. பக்கத்து வூட்டு கிருஷ்ணம்மா அம்மாவக் கூப்புடு."

"வெளையாடாதடி."

"நெசமாத்தான் சொல்றேன். எனக்கு லாரில சாமான் எடுத்து வெக்கிற வேலை கெடக்கு."

சம்பூர்ணத்துக்கு முகம் சிவந்தது. கிருஷ்ணம்மாளா? காலையில் சம்பூர்ணம் எதிரே வந்தால் அபசகுனம் என்று திரும்ப வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறவளா? அந்தக் கையா தன் மகள் பிள்ளை பெறப்போகும் அறைக்குப் பொட்டு வைக்க வேண்டும்?

"நான் தாலியறுத்தவ. நான் தொட்டா ஆகாது. அதுக்குத்தானடி ஒன்னைக் கேக்குறேன்" என்றாள். "ஒரு புள்ளைய மண்ணுல வெச்சிட்டு வர்றா என் மவ. கூடப் பொறந்தவளா நெனைச்சேனே, இது பெரிய காரியமா ஒனக்கு?"

"அதனாலதாங்க்கா வேண்டாங்கிறேன்!"

வெடித்து வந்த அந்த வார்த்தையோடு பூங்காவனம் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்கட்டை ஒரு முறை பார்த்தாள். பிறகு சம்பூர்ணத்தின் காதருகே குனிந்தாள்.

"அவரு இல்லக்கா. தை மாசமே போயிட்டாரு. தைப்பூசத்துக்குப் பழனி போற வழியில, ஸ்டேரிங்கப் புடிச்சபடியே நெஞ்சு வலின்னாரு. முடிஞ்சிது. பேரு தெரியாத ஊர்ச் சுடுகாட்டுல வெச்சிட்டு வந்தேன்."

பொட்டும் பூவும் தாலியும் வளையலுமாக எதிரே இருப்பவள் யார்? இத்தனை நாளும் ஏணியில் நின்று தன்னைச் சிரிக்க வைத்தவள், உள்ளுக்குள் எந்தத் தீயை விழுங்கிக்கொண்டிருந்தாள்?

"ஏண்டி… எங்கிட்டக்கூடவா?"

"ஒன் வளவிய ஒடைச்சப்ப நான் பக்கத்துலதானே நின்னேன். ஒன்னைப் புடிச்சி உக்கார வெச்சி, ஒன் ஆளுங்களே அத்தனையும் பறிச்சாங்களே. அன்னிக்கு ஒனக்குச் சொவரு இருந்துச்சி, மூலையில உக்காந்து அழுத. எனக்கு தார்ப்பாய்தானேக்கா இருக்கு? இந்தத் தாலி கழுத்துல கெடக்குற வரைக்கும் திருவிழாவுல ஆம்பளைங்க 'அண்ணி'ன்னு பத்தடி தள்ளி நிப்பானுங்க. இது இல்லேன்னு தெரிஞ்சா, ராட்டினம் போட எடமும் குடுக்க மாட்டானுங்க, ராத்திரி தூங்கவும் விட மாட்டானுங்க. நம்ம லாரி ஆளுங்களுக்கு மட்டுந்தான் தெரியும். மூச்சு விட மாட்டாங்க."

"சம்பூர்ணம்மா! நேரம் போவுது!" ஆசாரி அதட்டினார். "அந்த ராட்டினக்கார அம்மா இருக்குல்ல? அதைத்தான் வரச் சொல்லேன்!"

இப்போது பூங்காவனம் மறுத்தால் ஏன் என்று ஆசாரி கேட்பார். அவருக்குத் தெரிந்தால் மாலைக்குள் கடைத்தெருவுக்குத் தெரியும். தேருக்கு வரும் கடைக்காரர்கள் வாயில் விழுந்தால் ஊர் ஊராகப் போகும்.

சம்பூர்ணம் கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள் மலர்க்கொடி நின்றாள், நிறைந்த வயிற்றோடு. பெற்ற மகளா, கூடப் பிறக்காத இந்தத் தங்கையா? எந்தத் தாய்க்கும் இப்படி ஒரு சோதனை வரக்கூடாது.

கண்ணைத் திறந்தவள் குங்குமத் தட்டை எடுத்துப் பூங்காவனத்தின் கையில் வைத்து அழுத்தினாள்.

"போடி. போயி வையி."

"அக்கா, மலருக்கு எதுனா ஒண்ணு ஆயிட்டா…"

"வாய மூடு. என் மவளுக்கு ஓடு மாத்துனதும் இந்தக் கைதான், தரை மெழுவுனதும் இந்தக் கைதான். அப்பல்லாம் ஆன கை, இப்ப மட்டும் ஆவாமப் போயிடுமா? நட."

சுவரில் சாய்த்து வைத்திருந்த வேப்பமர நிலைக்குப் பூங்காவனம் மஞ்சள் பூசினாள். குங்குமம் வைக்கும்போது பொட்டு கோணலாயிற்று. "பாத்து தாயி" என்றார் ஆசாரி. இரண்டு ஆட்கள் நிலையைத் தூக்கி நிறுத்தினார்கள். சம்பூர்ணம் கை கூப்பினாள். மனசுக்குள் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டாள். பயம் போகவில்லை.

மத்தியானம் லாரி உறுமியது. டிரைவர் மாயவன் கயிறுகளை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். சம்பூர்ணம் ஒரு தூக்கில் புளிச்சோறு கொண்டுவந்தாள்.

"போவாதடி" என்றாள் மெல்ல. "மலரு புள்ள பெத்துக்கிட்டுப் போனப்புறம் அந்த ரூம் சும்மாதான் கெடக்கும். எங்கூட இரு. ஆஸ்டல்ல சொல்லி ஒனக்கும் ஒரு வேலை…"

"இங்க இருந்தா ஒரு நா இல்லாட்டி ஒரு நா கேப்பாங்கக்கா, புருசன் எங்கன்னு. அப்புறம் ஒனக்குச் செஞ்சத எனக்கும் செய்வாங்க." பூங்காவனம் அவள் கன்னத்தைத் துடைத்தாள். "ரோட்டுல ஓடிக்கிட்டிருந்தா, நான் இன்னும் அவரு பொண்டாட்டிதான்."

"அடுத்த பங்குனிக்கு வருவியா?"

பூங்காவனம் தூக்கை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினாள். தார்ப்பாய் விலக்கி ஒரே ஒரு முறை பார்த்தாள். அதற்குள் லாரி தெருமுனை திரும்பிவிட்டது.

பக்கத்து வீட்டு வாசலில் நின்ற கிருஷ்ணம்மாள், "என்ன சம்பூர்ணம், கூடப் பொறந்தவ போற மாதிரி அழுவுற? ராட்டினக்காரிதானே?" என்றாள்.

"கண்ணுல சுண்ணாம்பு பட்டுடுச்சிங்க" என்று சொல்லிவிட்டுச் சம்பூர்ணம் உள்ளே போனாள். தெருக்கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்ட பிறகுதான், நெஞ்சுக்குள் அடக்கிவைத்த அழுகையை வாய்விட்டு அழுதாள்.