மப்ரூக்காவின் வாசற்கல்

துனிசியாவின் எங்கள் எல் ஜெம் ஊரில் பாதி வீடுகள் ரோமானியர் அரங்கத்துக் கல்லில் எழுந்தவை. வரி கேட்டு வந்த பட்டாளம் ஒரு காலத்தில் பீரங்கி வைத்து அதன் ஒரு பக்கத்தைத் தகர்த்தது. சிதறியதைப் பொறுக்கி வந்து எங்கள் முன்னோர் வீடு கட்டினார்கள். திருட்டு என்று எவனாவது சொல்லட்டும், வாயைக் கிழித்துவிடுவேன்.

எதிர்வீட்டு மப்ரூக்காவுக்கு வாய்த்தது வாசற்கல். கம்பளி அலசிப் பிழைத்து, கணவன் போனபின் ஒற்றையாளாக மகன் ஷத்லியை ஆளாக்கியவள். காலையில் அந்தக் கல்லைத் தேய்த்துக் கழுவாமல் ஒரு வாய் ரொட்டி தொடமாட்டாள். எங்கள் தெருவில் மணமகள் ஆலிவ் எண்ணெயில் கை நனைத்து வாசற்கல்லில் ஒற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவாள். அந்தக் கல்லில் மப்ரூக்காவின் மாமியார் கை பட்டது, பிறகு அவள் கை. அடுத்து ஷத்லி கட்டப்போகும் ரவ்தாவின் கை.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில் தொல்லியல் அதிகாரி ஹெதி நாலு ஆட்களோடு வந்து நின்றார். மூத்த பெண்களை மரியாதையாக அழைக்கும் 'லல்லா'வோடுதான் ஆரம்பித்தார்.

"லல்லா, இது அரங்கத்தோட கிழக்கு வாசல் படி. இவ்வளவு நல்லா இருக்குற கல்லு அங்க ஒண்ணுகூட இல்ல. எடுத்தாகணும்."

"கல்யாணம் முடியட்டும், தம்பி."

"முடியாது. ஆயிரத்தெண்ணூறு வருஷத்துக் கல்லும்மா!"

"அதுல முப்பத்தஞ்சு வருஷம் நான் தேய்ச்சது. நீ எத்தனை நாள் தேய்ச்சே?"

சட்டம் அவர் பக்கம். நெம்பி எடுத்துப் போய்விட்டார்கள். பாவி மகள், அன்றுதான் அவள் அழுது பார்த்தேன்.

"அதுல கை வைக்காம ரவ்தா எப்படிடி இந்த வீட்டுப் பொண்ணாவா?"

"வேற கல்லு போட்டுக்கலாம்டி" என்றேன். முறைத்தாள். மறுநாள் அரங்கத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கேயும் அதை வாசற்படியாகத்தான் பதித்திருந்தார்கள். திரும்பி வந்தவள் முகத்தில் ஒரு சிரிப்பு.

கல்யாணத்தன்று மேளத்தோடு வந்த ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் திரும்பவில்லை, நேரே அரங்கத்துக்குப் போனது. முன்னால் எண்ணெய்க் கிண்ணத்தோடு மப்ரூக்கா. ஹெதி பதறி ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"எண்ணெயா? கல்லு பாழாயிடும், லல்லா!"

"அந்த எண்ணெயைக் குடிச்ச கல்லைத்தானே நல்லா இருக்குன்னு தூக்கிட்டு வந்தே?"

தெருவே சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஒதுங்கிக்கொண்டார். ரவ்தா குனிந்து உள்ளங்கையை அழுத்தி ஒற்றினாள். வலது காலை எடுத்து வைத்து உள்ளே நுழைந்தாள். மப்ரூக்கா போட்ட குலவையை அரங்கத்தின் மூன்று அடுக்கும் வாங்கித் திருப்பிப் போட்டன. எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

போகும்போது மப்ரூக்கா ஹெதியிடம் நின்றாள்.

"காலைல தேய்க்க வருவேன். கதவைத் திறந்து வை."

மறுநாள் காலை திறந்து வைத்திருந்தார்.