தாமரையின் நாலாவது மணி நேரம்

தாமரைக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சோறு தின்பதுகூட அடுப்பங்கரையில் நின்றுகொண்டுதான். நாற்பத்தேழு வயதாகிறது, இன்னமும் காலையில் பதினொரு பிள்ளைகளை வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்த் தமிழ்ப்பள்ளியில் இறக்குவாள், மத்தியானம் திரும்ப அள்ளிக்கொண்டு வந்து வீடு வீடாகச் சேர்ப்பாள். நடுவில் பள்ளிக்கு வெளியே காத்துக் கிடக்கிற அரை மணி நேரம்தான் அவள் ஆடாமல் அசையாமல் இருக்கிற நேரம். அப்போது ஸ்டீயரிங்கின்மேல் ஒரு தமிழ் நாவல் சாய்ந்திருக்கும். பள்ளி மணி அடிப்பதுகூடக் காதில் விழாது. பிள்ளைகள் வந்து கண்ணாடியைத் தட்ட வேண்டும்.

அப்படிப்பட்டவளுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. கோலாலம்பூருக்குப் பக்கத்துக் கிள்ளானில் ஒரு கடைவீட்டு முதல் மாடியில் இருக்கிறது டயாலிசிஸ் நிலையம். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் மூன்று மணிக்குப் போய் அங்கே சாய்வு நாற்காலியில் படுக்க வேண்டும். ‘ரத்தம் கழுவப் போறேன்’ என்று பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிற மாதிரிதான் சொல்லிவிட்டுப் போவாள். இடது கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போய் இயந்திரத்தில் சுத்தமாகி மற்றதன் வழியாக உள்ளே வரும். முடிகிற வரைக்கும் அந்தக் கையை அசைக்கக் கூடாது. மொத்தம் நாலு மணி நேரம்.

மூன்று மணி நேரம் எப்படியோ ஓடிவிடும். ஆறு மணி ஆனால் போதும், பிடித்துக்கொள்ளும். காலை ஆட்டுவாள், போர்வையை இழுப்பாள், எதிர்ச் சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்ப்பாள், பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடுவாள், மூடிய கையோடு திறந்து மறுபடியும் பார்ப்பாள். கடைசியில் தாதி சல்மாவைக் கூப்பிட்டு, கால் இழுக்கிறது, கழற்றிவிடு என்பாள். பாதியில் கழற்றுவதென்றால் ஒரு பாரத்தில், அதாவது படிவத்தில், கையெழுத்துப் போட வேண்டும். சொன்னதைக் கேளாமல் நானாகத்தான் போகிறேன், பொறுப்பு என்னுடையது என்று அதில் அச்சடித்திருக்கும். தாமரை அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் வலது கையால் கிறுக்கிக் கொடுத்துவிடுவாள்.

கால் இழுத்தது என்பதெல்லாம் சுத்தப் பொய். அவள் அங்கே சேர்ந்த முதல் மாதம், பக்கத்து நாற்காலியில் திருச்செல்வம் என்று தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி ஒருவர் படுத்திருப்பார். கலகலப்பான மனிதர். ஒரு சனிக்கிழமை மாலை ஆறு இருபதுக்கு, மகன் கல்யாணத்துக்கு யாரிடம் சாப்பாடு சொல்லலாம் என்று தாமரையிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தவர், உடம்பு ஒரு மாதிரி இருக்கிறதம்மா என்றார். தலை சாய்ந்தது. இருதயம் நின்றுபோயிருந்தது. தாதிகள் ஓடி வந்து திரையை இழுத்தார்கள். தாமரை ஊசியும் கையுமாக, எழுந்து ஓடவும் வழியில்லாமல், ஒரு முழத் தூரத்தில் அந்தத் திரை அசைவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். அன்றிலிருந்து ஆறு மணி என்றால் அவளுக்குப் பயம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை, புருஷன் குகனிடம்கூட. பதினொரு வாண்டுகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிறவள், கடிகாரத்தைக் கண்டு பயப்படுகிறேன் என்று எந்த வாயால் சொல்வாள்?

பாதியில் கழற்றினால் ரத்தத்தோடு வெளியேற வேண்டிய தண்ணீர் உடம்பில்தானே தங்கும்? போன பிப்ரவரியில் ஒரு மத்தியானம், மேரு சாலையில் பிள்ளைகளோடு வந்துகொண்டிருக்கும்போது மூச்சு முட்டியது. எப்படி ஓரங்கட்டினாள் என்று இன்றைக்கும் அவளுக்கு ஞாபகமில்லை. வேனுக்குள் ஒரு சத்தமில்லை. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். தாமரைக்கு அதைப் பிடிக்கக் கை வரவில்லை.

மருத்துவமனையில் மருத்துவர் கோப்பைத் திறந்து, அவள் கிறுக்கிய பாரங்களைக் கட்டாக எடுத்துக் குகன் முன்னால் வைத்தார். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் இருதயம் தாங்காது என்றார். குகனுக்கு முகம் செத்துவிட்டது. தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், அதிர்ந்து பேசமாட்டான். ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வரும் என்பதால் டயாலிசிஸ் நிலையத்தின் மாடிப்படியை மிதித்ததே இல்லை. வேலை விட்டு வந்து கீழே மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஒரு தேத்தாரே டீ வாங்கி வைத்துக்கொண்டு காத்திருப்பான். அவள் ஆறே காலுக்கு இறங்கி வரும்போதெல்லாம், இன்றைக்குச் சீக்கிரம் முடிந்துவிட்டது போல என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறான் மனுஷன்.

"வேன வித்திடுவோம் தாமர," என்றான். "மத்தவங்க புள்ளைங்க லா அது."

 வேன் போனால் அவள் என்ன ஆவாள்? வீட்டில் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு, அடுத்த ஊசிக்குக் காத்திருக்கிற நோயாளி ஆவாள். அழுது, சண்டை போட்டு, இரண்டு நாள் பேசாமல் இருந்து, கடைசியில் ஒரு மாதம் தவணை வாங்கினாள். ஒன்றாம் தேதியிலிருந்து ஒரு மாதம், ஒரு நாள்கூடப் பாதியில் எழுந்திருக்கக் கூடாது. ஒரே ஒரு பாரத்தில் கையெழுத்து விழுந்தாலும் வேன் கைமாறும். அதுவரைக்கும் பிள்ளைகளைக் குகனின் தம்பி ஏற்றி இறக்குவான்.

சரி, அந்த நாலாவது மணி நேரத்தை எதைக் கொண்டு விழுங்குவது? அவளை அசையாமல் வைத்திருக்கத் தெரிந்தது ஒன்றுதான், நாவல். ஆனால் தடித்த நாவலை ஒரு கையால் விரித்துப் பிடித்துப் பாருங்கள். முன்பு ஒருநாள் நழுவிய புத்தகத்தைப் பிடிக்கப் போய் ஊசிக் கை அசைந்து, இயந்திரம் அலறி ஊரைக் கூட்டியது. கைப்பேசியில் படிக்கலாமென்றால் எழுத்து கடுகு கடுகாக இருக்கும், போதாததற்கு வேன் பெற்றோர்களின் வாட்சப் குழு ஓயாது. ஆக, புத்தகம் படிக்க ஒரு கருவி வாங்க வேண்டும். டேப்லெட்டா, இ-ரீடரா?

ஒரு வாரம் இதே பாட்டுத்தான். யூடியூப்பில் கருவிகளை அக்கக்காகப் பிரித்துச் சொல்கிறவர்களை எல்லாம் பார்த்தாள். கறுப்பு வெள்ளைத் திரை, காகிதம் மாதிரி, கண் வலிக்காது, வாரக்கணக்கில் சார்ஜ் நிற்கும், ஆனால் படிப்பதைத் தவிர ஒன்றுக்கும் ஆகாது, அது இ-ரீடர். பெரிய வண்ணத்திரை, எல்லாம் செய்யும்; அது டேப்லெட். காலையில் ஒன்று என்பாள், சாயங்காலம் மற்றது என்பாள். குகனுக்கு இதில் சந்தேகமே இல்லை. அவன் மலாய்ப் பள்ளியில் படித்தவன், தமிழ் பேசுவானே தவிர ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. படிக்க மட்டும் ஒரு பொருளா, டேப்லெட் என்றால் நாடகமாவது பார்க்கலாமே என்றான். தாமரையிடம் இணைய நூலகத்திலிருந்து இறக்கிய பழைய நாவல்கள் நூற்றுக்கு மேல் இருந்தன, எல்லாம் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தவை. அதற்குப் பெரிய திரை வேண்டுமே என்று அவளும் தலையாட்டினாள்.

கோலாலம்பூரில் ஒரு பேரங்காடிக்குப் போய், கடையில் நின்றபடி, இரண்டு கையாலும் டேப்லெட்டைப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கினாள். எங்கே தப்பு நடந்தது என்று தெரிகிறதா? படிக்கப் போவது ஒரு கையால், படுத்துக்கொண்டு.

வியாழக்கிழமை நாற்காலியில் அரை மணி நேரத்துக்குள் மணிக்கட்டு விட்டுப்போயிற்று. ஒருமுறை நழுவி மூக்கில் விழுந்து, கண்ணில் தண்ணீர் வந்தது. தலையணையில் முட்டுக்கொடுத்து வைத்தால் சரிந்தது. நாவலில் நாலு வரி, உடனே மேலே ஒரு செய்தி வரும். அதைத் திறந்தால் ஒரு வீடியோ, அதை விட்டு இன்னொன்று. மனசு ஒரு கிளையில் நிற்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே திரை மூலையில் பளிச்சென்று மணி ஓடிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்துக்காவது தலையைத் தூக்க வேண்டும், இது முகத்துக்கு நேரே. ஆறு எட்டுக்குப் பாரம் கேட்டாள்.

குகன் திட்டவில்லை. ஒன்றாம் தேதிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று மட்டும் சொன்னான். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

மறுநாளே டேப்லெட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு மறுபடியும் கடைக்குப் போனாள். இந்த முறை ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுச் சாய்ந்து, இடது கையைக் கவுண்டரின்மேல் நீட்டி வைத்துக்கொண்டு, வலது கையால் இ-ரீடரைப் பிடித்தபடி இருபது நிமிடம் அசையாமல் கிடந்தாள். கடைக்காரச் சீனப் பையன் பயந்துபோய், கை வலியா ஆன்டி என்று மலாயில் கேட்டான்.  கருவி ஒரு பருப்புப் பொட்டலம் கனம்கூட இல்லை. கட்டைவிரலால் ஓரத்தைத் தொட்டால் பக்கம் திரும்பியது. படம் பிடித்த பழைய நாவல்கள் இதில் எறும்பு ஊர்கிற மாதிரித்தான் தெரிந்தன; பெரிதாக்கினால் பாதி வரி வெளியே ஓடியது. நூறு புத்தகமும் வீண்.  ஆனால் காசு கொடுத்து இறக்கிய புது நாவலில் எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கலாம். அவள் தேடிய இன்னொன்றும் இருந்தது: அமைப்புக்குள் போய் மணி காட்டுவதை அணைத்துவிடலாம். இந்த அத்தியாயத்தில் இன்னும் இத்தனை நிமிடம் பாக்கி என்று கீழே ஒரு வரி வந்தது, அதையும் அணைத்தாள்.

தவணை மாதத்தின் முதல் ஊசி நாளே ஒரு நாவலைப் பிடித்தாள். எண்ணூறு பக்கம், ரப்பர் தோட்டத்திலிருந்து ஓடிப்போய்ச் சிங்கப்பூரில் கப்பலேறுகிற ஒரு பெண்ணின் கதை. ஐந்தரைக்கு மேல் முக்கியமான கட்டம் வருகிற மாதிரி, கணக்குப் பண்ணி, முன் பாதியை மெதுவாகப் படிப்பாள். ஆறு மணி வரும், படித்த வரியையே நாலு தரம் படிப்பாள். ஆனாலும் கண்ணைத் தூக்கமாட்டாள். சல்மா வந்து தோளைத் தொட்டு, ஏழு மணி அக்கா என்பாள். பயம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அது அங்கேயேதான் இருந்தது, அவள்தான் பார்க்கவில்லை. இப்படியே பன்னிரண்டு நாள் தாண்டிவிட்டாள்.

பதின்மூன்றாவது நாள், தவணை முடிகிற மாதக் கடைசிச் செவ்வாய். ஐந்து ஐம்பதுக்குப் பக்கத்தைத் திருப்பினாள், திரும்பவில்லை. திரையில் ஒரு காலி பேட்டரிப் படம். கைப்பேசிக்குத் தினமும் சார்ஜ் போட மறக்காதவள், இதற்கு ஒரு மாதமாகப் போடவேயில்லை; வாரக்கணக்கில் நிற்கும் என்று கேட்டதோடு சரி. சல்மா தன்னுடைய வயரைக் கொண்டுவந்து செருகினாள். உயிர் வர நேரம் எடுக்கும் போலிருந்தது. கைப்பேசியை எடுத்தாள், முதலில் கண்ணில் பட்டதே 6:04. கவிழ்த்துப் போட்டாள்.

கால் ஆட ஆரம்பித்தது.  பக்கத்து நாற்காலியில் இப்போது வேறு யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் மூச்சு விடுகிறார்களா என்று பார்த்தாள். சல்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாரத்தைக் கொண்டுவந்து போர்வைமேல் வைத்தாள், பேனாவோடு. தாமரை பேனாவை எடுத்தாள். வேன் போகட்டும், எல்லாம் போகட்டும், இந்த ஊசியைக் கழற்றினால் போதும் என்றிருந்தது. முதல் எழுத்துக்குக் கை போனது. போன கை நின்றது.

"சல்மா, கீழ மாமாக் கடையில என் வீட்டுக்காரர் இருப்பாரு. கொஞ்சம் மேல வரச் சொல்றியா?"

குகன் வந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணைக் கூரையில் வைத்துக்கொண்டு, நாற்காலி நாற்காலியாகத் தடவி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. அவளுக்கு வலது பக்கமாக ஸ்டூலைப் போட்டு, இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். தாமரை இரண்டு வருடமாக வைத்திருந்ததைச் சொன்னாள்.

"எனக்குக் காலெல்லாம் இழுக்கல. பயமா இருக்குங்க. இதே ஆறு இருபதுக்குத்தான், இதோ இந்த நாற்காலியிலதான் ஒருத்தர் என்கிட்டப் பேசிக்கிட்டே போயிட்டாரு."

 குகன் பாரத்தை எடுத்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். பிறகு, என்ன பேசுவதென்று தெரியாமலோ என்னவோ, அப்படி என்ன கதைதான் ஒரு மாதமாகப் படிக்கிறாய் என்று கேட்டான். இருபத்தோரு வருடத்தில் அவன் அதைக் கேட்டதே கிடையாது. அவள் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் பெயர்கள் மாறிப்போயின. அந்தப் பெண் தோட்டத்தை விட்டு ஓடினது, லோரியில் ஒளிந்து ஜொகூர் போனது, சிங்கப்பூர்த் துறைமுகத்தில் பெயரை மாற்றிச் சொன்னது. குகன் நடுநடுவே, அவளுக்குப் பாஸ்போர்ட் எப்படிக் கிடைத்தது என்று குறுக்குக் கேள்வி கேட்டான். இது அந்தக் காலத்துக் கதை, குறுக்கே பேசாதீங்க என்று அவள் அதட்டினாள்.

கப்பல் கிளம்புகிற இடத்தில் நிறுத்தினாள். அதற்குமேல் அவளே படிக்கவில்லை. நிமிர்ந்தபோது சுவரில் ஆறு ஐம்பது. ஆறு இருபது எப்போது போனதென்று அவளுக்குத் தெரியாது. குகனுக்குத் தெரிந்திருந்தது. அந்த நேரம் முழுக்க அவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறான். அவள் வலது கையைப் பிடித்திருந்த அவன் கை சில்லென்று நனைந்திருந்தது. அப்போதுதான் அவன் முதல்முறையாகத் தலையைத் திருப்பி, அவள் ரத்தம் ஓடுகிற குழாயைப் பார்த்தான். மயங்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் செருமினான்.

"வேனுக்கு ரோட் டேக்ஸ் முடியுது. நாளைக்கு லீவு போட்டுட்டுப் போறேன். ஆறு மாசத்துக்கு எடுக்கவா, ஒரு வருஷத்துக்கா?"

 தாமரை இயந்திரத்தைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"ஒரு வருஷத்துக்கே எடுங்க," என்றாள்.