பெரிய கங்காணி வீட்டு நாற்காலி

பள்ளிக்கூடத்து நாடகத்துக்கு மேட்டு லயத்து வரிசை வீட்டுச் சனம் முழுக்க வந்திருந்தது. பணிய லயத்திலிருந்து பாதிப் பேர் வந்திருந்தார்கள். கணக்கப்பிள்ளை இருமிக்கொண்டே வந்து முன்பெஞ்சில் உட்கார்ந்தார். அப்பா வந்திருந்தார், பெரியப்பா வந்திருந்தார். எங்கள் வீட்டு ஆடும் வந்திருந்தது; அதற்கு நாடகத்தில் வேஷம் இருந்தது. துரை வரவில்லை, வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. தங்கச்சிக்கு அம்மை போட்டிருந்ததால் அம்மா வரவில்லை. பெரிய கங்காணி வருவதாகச் சொல்லியிருந்தும் இன்னும் வரவில்லை. அவர் வராதிருந்த வரைக்கும் நாடகம் நன்றாகத்தான் நடந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டம் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே மூன்று மைல் ஏற வேண்டிய இடத்தில் இருந்தது. பள்ளிக்கூடம் என்பது தகரக் கூரை போட்ட ஒரே அறை. ஐந்து வகுப்புகளுக்கும் ஒரே வாத்தியார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். குளிருக்குக் காதைச் சுற்றி ஒரு மப்ளரைக் கட்டிக்கொண்டு, லயத்துப் பிள்ளைகளான எங்களை "நீர்", "உமக்கு" என்று பேசுவார். முதல் நாள் அவர் அப்படிக் கூப்பிட்டபோது எனக்குப் பின்னால் யாரோ பெரிய மனுசர் நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அவர் ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து வாசிப்பார். அட்டை போய், முதல் பக்கமும் போய், கதை இரண்டாம் பக்கத்தில் தொடங்குகிற புத்தகம் அது. அதில் ஓர் ஆட்டிடையன் கதை உண்டு. காட்டில் வழி தவறிய இளவரசனுக்கு இடையன் தன் கஞ்சியை ஊற்றிக் கொடுக்கிறான். பிறகு ஒருநாள் இடையன் அரண்மனைக்குப் போகிறான். காவல்காரர்கள் பிடித்துத் தள்ளுகிறார்கள். இளவரசன் சிம்மாசனத்தைவிட்டு இறங்கி ஓடிவந்து, அவனைக் கட்டிப்பிடித்து, கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறான். சுபம்.

வாத்தியார் புத்தகத்தை மூடியதும் ராஜலிங்கம் எழுந்து கேட்டான்.

"சார், ராசா மகன் அந்தப் பயகிட்ட கஞ்சி வாங்கிக் குடிச்சது அவங்க அப்பாவுக்குத் தெரியுமா?"

வாத்தியார் புத்தகத்தை மறுபடி திறந்து இரண்டு பக்கம் புரட்டினார். "அது இதிலை எழுதேல்லைக் காணும்," என்றார்.

ராஜலிங்கம் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவன் பெரிய கங்காணியின் மகன். அப்பா அந்தக் கங்காணியின் கீழ் வேலை செய்கிற ஆட்களில் ஒருவர். நான் அவன் வீட்டுக்குப் போனால் பின்பக்கத்துத் தண்ணிப் பீலிக்கரையில் நிற்பேன். தேத்தண்ணி சிரட்டையில் வரும். அவன் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்தால் நேரே அடுப்படிக்குப் போய் அப்பாவின் பலகையில் உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் கேட்பான். அம்மா கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துவார். "தம்பி, வீட்ல சொல்லிப்புடாதீங்க," என்பார். பத்து வயசுப் பையனுக்கு அம்மா மரியாதை கொடுப்பது அவனுக்குப் பெரிய வேடிக்கை. நானும் பள்ளிக்கூடத்துக்குள் அவனை "வாடா" என்பேன், ரோட்டில் பெரியவர்கள் வந்தால் "வாங்க" என்பேன். "என்னடா திடீர்னு எனக்கு வயசாயிருச்சு," என்று காதுக்குள் சொல்லிச் சிரிப்பான்.

அந்த வருஷத்தோடு எனக்கு ஐந்தாம் வகுப்பு முடிகிறது. அதற்குமேல் தோட்டத்தில் படிப்பு கிடையாது. விடியற்காலைப் பெரட்டுக்குப் போய், ஆள் கணக்கில் பெயர் பதிந்து புல்லு வெட்டப் போக வேண்டும். இல்லையென்றால் அட்டன் டவுனில் இருக்கிற பெரிய பள்ளிக்கூடம். அட்டனில் சேர துரையின் கடுதாசி வேண்டும். துரையிடம் பேச பெரிய கங்காணி வாய் திறக்க வேண்டும். அப்பா ஆறு மாதமாக அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்போம்" என்ற ஒரு சொல்தான் இதுவரை வந்திருந்தது.

வருஷக் கடைசியில் அந்தக் கதையை நாடகமாகப் போடுவதென்று வாத்தியார் முடிவு செய்தார். இளவரசனுக்குத்தான் வசனம் அதிகம். பாடமாக்குவதில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கிற துண்டைக்கூட மனப்பாடம் செய்துவிடுவேன். ஆகவே நான் இளவரசன். ராஜலிங்கம் தானாகவே கையைத் தூக்கி இடையன் வேஷம் கேட்டான். அவனுக்கு ஆடு வேண்டும், அவ்வளவுதான்.

"வீட்டிலை ஒண்டும் சொல்ல மாட்டினமோ?" என்று வாத்தியார் கேட்டார்.

"சொல்ல மாட்டாங்க சார்."

சொல்ல மாட்டார்கள் என்பதற்கு அவன் வைத்திருந்த வழி, வீட்டில் சொல்லாமல் இருப்பது. சிம்மாசனத்துக்குக் கை வைத்த நாற்காலி அவன் வீட்டில்தான் இருந்தது. கிரீடத்துக்குப் பதிலாகச் சரிகைத் தலைப்பாகை என்று வாத்தியார் சொன்னார். அதுவும் அவன் வீட்டில்தான் இருந்தது. "நாடகத்துக்கு ராசா நாற்காலியும் தலைப்பாவும் கேக்குறாங்கப்பா," என்று போய் நின்றிருக்கிறான். கங்காணி சந்தோஷமாகத் தூக்கிக் கொடுத்தனுப்பினார். ராசா யார் என்று அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு கம்பளிகளைக் கயிற்றில் கோத்துத் திரை கட்டினோம். காட்டுக் காட்சி பிரமாதமாகப் போனது. ஒரேயொரு தொல்லை, ஆடு இடையனோடு போக மறுத்தது. அது எங்கள் ஆடு. இளவரசன் போகிற பக்கமே வந்தது. ராஜலிங்கம் கயிற்றைப் பிடித்து இழுக்க, அது என் சரிகையை மோந்துகொண்டு நின்றது. "ராசா வீட்டு ஆட்டைக் களவெடுத்துட்டான்டா இடையன்," என்று பெரியப்பா பின்னாலிருந்து குரல் கொடுத்தார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

பிறகு அரண்மனை. கம்பளி விலகியபோது நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கால் தரையில் எட்டவில்லை. தலைப்பாகை கண்வரைக்கும் இறங்கியிருந்தது. அப்படி உயரத்தில் உட்கார்ந்து எங்கள் சனத்தின் தலைகளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. காவல்காரர்கள் இடையனைப் பிடித்துத் தள்ளினார்கள். "யார் அங்கே?" என்று நான் கேட்க வேண்டும். கேட்க வாயெடுத்தேன்.

வாசலில் பெரிய கங்காணி வந்து நின்றார். கறுப்புக் கோட்டு, கையில் குடை. சனம் முழுக்க எழுந்தது. ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள்.

நானும் இறங்கிவிட்டேன். யோசித்துச் செய்ததல்ல. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவரைக் கண்டால் ரோட்டைவிட்டு ஓரத்துத் தண்ணிக் கானுக்குள் இறங்கி நின்று பழகிய கால்கள். அவை தாமாகவே இறங்கின. தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, என் சிம்மாசனத்துக்கு முன்னால் நான் தலைகுனிந்து நின்றேன்.

கங்காணி வெறுமையான தன் நாற்காலியைப் பார்த்தார். என் கக்கத்திலிருந்த தன் தலைப்பாகையைப் பார்த்தார். பிறகு கிழிந்த சாக்கும் கையில் கோலுமாக நின்ற மகனைப் பார்த்தார்.

ராஜலிங்கம் காவல்காரர்களை உதறிவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தான்.

"இளவரசே, இந்த ஏழையைக் கண்டதும் சிம்மாசனத்தைவிட்டு இறங்கிவிட்டீர்களே," என்று உரக்கச் சொன்னான்.

அப்படி ஒரு வசனம் நாடகத்தில் கிடையாது. சனத்துக்கு அது தெரியாதே. "அட, பாரு பாரு," என்று ஆயா ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். நான் பயந்து இறங்கியது எப்படியோ நாடகமாகிவிட்டது. எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள்.

நான் அவன் கையைப் பிடித்துப் போய் உட்கார வைக்க வேண்டும். அவன்தான் என் கையைப் பிடித்துப் போனான். நாற்காலியின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, மற்றப் பாதியைத் தட்டிக் காட்டினான். அங்கே நான் உட்கார்ந்து, "பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றிய கைக்கு என் சிம்மாசனத்தில் பாதி" என்று சொன்னால் நாடகம் முடிந்தது. நான் நின்றேன்.

"உக்காருடா," என்றான் உதடு அசையாமல்.

நான் அப்பாவைப் பார்த்தேன். சுவரோரமாக, துண்டைக் கக்கத்திலிருந்து எடுக்காமலே அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். தலையை லேசாக, மிக லேசாக, வேண்டாம் என்று ஆட்டினார்.

"வசனம் மறந்துட்டியா? பசித்தவனுக்குன்னு ஆரம்பிடா."

மறக்கவில்லை. அவன் என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தான். நான் விறைத்துக்கொண்டு நின்றேன். மறுபடி இழுத்தான். அந்த நேரம் எங்கள் ஆடு வந்து, நான் உட்காராத பாதியில் முன்னங்கால்களைத் தூக்கி வைத்து என்னைப் பார்த்துக் கத்தியது. கூரை பிய்ந்துபோகிற மாதிரி சனம் சிரித்தது. கங்காணிகூடச் சிரித்தார். வாத்தியார் கம்பளியை இழுத்து மூடினார்.

வெளியே கங்காணி அப்பாவைக் கூப்பிட்டார்.

"ஒம் மகன் மரியாதை தெரிஞ்ச பய. ராசா வேஷத்துலயும் அத மறக்கல."

"எல்லாம் உங்க புண்ணியங்க."

"பொழுது சாயுறப்ப வீட்டுப் பக்கம் வா. கடுதாசி விசயம் பேசிப்புடலாம்." சொல்லிவிட்டு ராஜலிங்கத்தின் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அவன் இன்னும் சாக்கோடுதான் இருந்தான்.

வாத்தியார் கம்பளியை மடித்துக்கொண்டிருந்தார். "வசனம் மறந்துபோச்சோ?" என்றார்.

"இல்ல சார்."

"பிறகென்ன?"

கக்கத்திலிருந்த தலைப்பாகையை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, "சரி, போய் உடுப்பை மாத்தும்," என்றார்.

அப்பா எங்கள் சேவலைக் கையில் எடுத்துக்கொண்டு கங்காணி வீட்டுக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்து, "கடுதாசி கெடச்சிரும்," என்று அம்மாவிடம் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த இடத்தில் உட்காராமல் நின்றது எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ராஜலிங்கம் என்னோடு பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மாறி உட்கார்ந்தான். ரோட்டில் கண்டால் தேயிலைக்குள் இறங்கி வேறு வழியாகப் போனான். லயத்துப் பையன் அட்டனுக்குப் படிக்கப் போவது அவனுக்குப் பொறுக்கவில்லை என்று நான் முடிவு கட்டினேன். பள்ளிக்கூடம் மூடின அன்றைக்கு, பத்துப் பேருக்கு முன்னால், "கங்காணி மகன்னா தலையில கொம்பா இருக்கு?" என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு போய்விட்டான். பதில் சொல்லத் தெரியாமல் போகிறான் என்று எல்லோருமாகச் சேர்ந்து சிரித்தோம்.

தை பிறந்ததும் நான் அட்டனுக்குப் போனேன். அவனைக் கண்டியில் விடுதியில் விட்டார்கள். சில வருஷங்களில் கங்காணி குடும்பத்தோடு இந்தியாவில் துறையூர்ப் பக்கம், சொந்த ஊருக்கே போய்விட்டார். விலாசம் யாரிடமும் இல்லை.

போன வருஷம் எனக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. சொல்ல வீட்டுக்குப் போனேன். அப்பா அடுப்புக்கு மிலாறு ஒடித்துக்கொண்டிருந்தார்; கவ்வாத்து வெட்டின தேயிலைக் குச்சிகள். சேதியைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, இன்னும் நாலைந்து குச்சி ஒடித்தார். பிறகு ஒரு குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"அன்னைக்கி கடுதாசிக்குன்னு நான் போனப்ப கங்காணி அந்தப் பயல இந்த மாதிரி ஒண்ணாலதான் அடிச்சுக்கிட்டு இருந்தாரு. நான் குசினி வாசல்ல நின்னேன்."

"எந்தப் பயலப்பா?"

"ராஜலிங்கம் தம்பிய. ஒன்னைய நாற்காலியில உக்காரச் சொல்லி இழுத்துச்சுல்ல. இனிமே அவங்கூடப் பேசுவியா, பேசுவியான்னு ஒவ்வொரு அடிக்கும் கேக்குறாரு. வாயே தொறக்கல அது. கடைசில, நீ பேசுனா அவனுக்குக் கடுதாசி வாங்கித் தரமாட்டேன்னாரு. ஒடனே, பேசலப்பான்னு சொல்லிருச்சு."

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ அட்டனுக்குப் போயிருப்பியா?"

"எத்தன அடிப்பா?" என்று கேட்டேன்.

அப்பா குச்சியை ஒடித்து நெருப்பில் வைத்தார். "சேவல் கத்திப்புடக் கூடாதுன்னு அதோட வாயப் பொத்திப் புடிச்சுக்கிட்டு நின்னேன். எண்ணிக்கிட்டுத்தான் நின்னேன்," என்றார்.

அட்டன் கடுதாசிக்கு ஆன மொத்தச் செலவு இதுதான்: எங்கள் வீட்டிலிருந்து ஒரு சேவல், ராஜலிங்கத்தின் முதுகில் ஏழு அடி.