பசை ஒட்டிய சிவப்புக் கொடி

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். சிவகாசி ஸ்டேஷனில் மூட்டை தூக்கிய தோள் இது. இதை வைத்துத்தான் ரயில் லைன் ஓரமாக, வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றும் கொட்டகை போட்டேன். மழையில் சரிந்தது, மறுபடி போட்டேன். நாற்பது பேருக்கு வேலை கொடுத்தேன். மாடி வீடு கட்டினேன். ஒருத்தர் கை கொடுத்ததில்லை. ஆனால் கண்ணை மூடினால் இதில் எதுவும் வருவதில்லை. ரயில்வே கேட்டைக் காத்த கேட்காரரின் சிவப்புக் கொடிதான் வருகிறது, ஓரத்தில் பசை காய்ந்து வெள்ளையாக.

ஸ்டேஷனைப் பற்றி வியாபாரிகள் சிறப்பு மலர் அச்சடிக்கிறார்கள். எல்லா எஞ்சினையும் பார்த்த ஆள் என்று என்னிடம் வந்தார்கள். பார்த்தவன்தான். கரி எஞ்சின் வருமுன் புகை வந்துவிடும். தண்டவாளத்தில் வெறுங்காலை வைத்தால், வண்டி அடுத்த ஸ்டேஷனான திருத்தங்கலைத் தாண்டும்போதே உள்ளங்காலில் நடுக்கம் ஏறும். பிறகு டீசல் வந்தது. புகை குறைந்தாலும் அந்தச் சின்ன லைனில் இணைப்புக்கு இணைப்பு தடக் தடக்கென்று தட்டிக்கொண்டேதான் வரும். எந்த வண்டி, எம்புட்டு தூரம் என்று காலாலேயே சொல்வேன். பந்தயத்தில் நான் தோற்றதில்லை.

அகலப் பாதைக்குப் பெரிய லைன் போடுவதற்காக வண்டிகளை நிறுத்தினார்கள். ரொம்ப நாள் ரயிலே இல்லை. லைன் ஜல்லி வெயிலில் கொதிக்கும். பசை ஈரம் காயாத குழாயைத் தட்டில் பரப்பி அதன்மேல் வைத்தால் அரை நாளில் காயும். அந்த யோசனையும் என்னுடையதுதான். புதுத் தண்டவாளம் போட்ட பின்னும் வழக்கம் விடவில்லை.

தீபாவளி சீசன். கேட்காரர் வந்து, “அண்ணாச்சி, சோதனை எஞ்சின் ஓடப் போகுது. இனிமே இங்கன காயப் போடாதீக” என்றார்.

“கரி எஞ்சின் காலத்துலேர்ந்து பாக்கேன் தம்பி. ஒமக்கு போன் மணி அடிச்சாத்தான் வண்டி. எனக்குக் காலே போன்” என்றேன். பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் உச்சிவெயில். என் மதினி லைனுக்குள் குழாய்த் தட்டுகளை மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது மந்தம். நான் தண்டவாளத்தில் காலை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. நிதானமாகச் செய்யச் சொல்லிக் கை காட்டினேன்.

பெரிய லைன் தண்டவாளத்தை இணைப்பில்லாமல் பற்றவைத்துப் போட்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. தடக் சத்தமும் இல்லை, காலில் நடுக்கமும் ஏறவில்லை. வளைவில் ஹாரன் கேட்டுத் திரும்பினால், எஞ்சின் முகமே தெரிகிறது. போன் என்று பீற்றிய கால் மண்ணில் நட்டது போல நின்றுவிட்டது. கேட்காரர் ஒரு பக்கக் கதவை மட்டும் அடைத்துவிட்டு, மறுபக்கத்தைத் திறந்தபடியே போட்டுவிட்டு, கொடியை வீசிக்கொண்டு ஓடி வந்தார். மதினியை இழுத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தார். கொடி ஈரக் குழாய்மேல் விழுந்தது. எஞ்சின் தட்டுகளை நொறுக்கிக்கொண்டு போய் நின்றது.

விசாரணைக்கு அதிகாரிகள் வந்தார்கள். “கேட்டைத் திறந்து போட்டுட்டு ஏன் போன? லைன்ல இதெல்லாம் யாரு வச்சது?” கேட்காரர் கூட்டத்தில் நின்ற என்னை ஒருமுறை பார்த்தார். “தெரியலைங்க சார்.”

கொட்டகையை இடித்துவிடுவார்கள் என்ற பயம் எனக்கு. வாயைத் திறக்கவில்லை.

அவரை மாற்றல் செய்தார்கள். கிளம்பும் அன்று கேட்டில் உட்கார்ந்து, கொடியிலிருந்த பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “அம்புட்டுப் பேரும் தீபாவளியப் பாக்கணும்ல அண்ணாச்சி” என்றார்.

இப்போது நீளமான வண்டிகள் போகின்றன. மதினி இன்றும் லைனைத் தாண்டித்தான் வேலைக்கு வருகிறார். ஹாரன் கேட்கும்போதெல்லாம் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடுகிறேன். அவர் தலை இந்தப் பக்கம் தெரிந்தால்தான் மூச்சு வருகிறது.

மலரில் அச்சுக்குப் போக இருப்பதைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். என்னை ‘காலால் ரயிலை அறிந்தவர்’ என்று எழுதியிருக்கிறார்கள். அன்றைய சம்பவத்துக்கு, ‘கேட்காரரின் கவனக்குறைவு’ என்று ஒரு வரி. அவர் தூங்கிவிட்டார் என்றுகூட ஊரில் பேச்சு.

நான் செய்ததை யாருக்கும் விட்டுக்கொடுத்தவன் இல்லை. கொட்டகை நான் போட்டது, வீடு நான் கட்டியது. இதுவும் நான் செய்ததுதான். மலரிலிருந்து அந்த வரியை அடித்து எடுத்துவிடுங்கள். காயப் போட்டவன் நான், வராது என்று கை காட்டியவன் நான், வாய் மூடி நின்றவன் நான் என்று அச்சடியுங்கள். ஓடி வந்தது மட்டும் அவர். அந்தக் கொடியில் ஒட்டியது என் பசை. என் பெயரைப் போட்டாக வேண்டும்.