தொண்டைமானாற்றில் மூன்று மிதவைகள்

யாழ்ப்பாணத்தில் ஒற்றைப் பலகையில் நீர்ச்சறுக்குப் போகலாமா, படகை எப்படிக் கொண்டுபோவது, எங்கே தண்ணீர் தோதாக இருக்கும் என்று இரண்டு மூன்று பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். போகலாம். நான் போயிருக்கிறேன். ஒரேயொரு தடவை. எண்பத்து நாலாம் ஆண்டு தை மாதம், பொங்கல் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்துவிட்டது. எழுத்தில் பிழை கண்டால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள். மெசினில் பிழை கண்டால்தான் எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தின் கதைதான் இது.

படகு என்னுடையது அல்ல. நல்லூரில் இருந்த எஞ்சினியர் சிவபாலன் ஐயாவுடையது. பதினாறு அடி பைபர் படகு, பின்னால் எழுபது குதிரை வலு மெசின். கடலோரமான குருநகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கிடுகுக் கொட்டில் போட்டு அதை வைத்திருந்தோம். ஆறு வருடம் அதைக் கழுவியது, துடைத்தது, பிளக் மாற்றியது, ஓட்டியது எல்லாம் நான். சறுக்கியது ஐயா.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தண்ணீரில் ஆறு மிதவைகளை இடதும் வலதுமாக மாற்றி மாற்றிக் கட்டுவார்கள். படகு நடுவால் நேர்கோட்டில் போகும். பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர், ஒரே பலகையில் ஒரு காலுக்குப் பின் மற்றக் காலை வைத்து, ஆறு மிதவைகளையும் வெளிப்பக்கமாகச் சுற்றி வரவேண்டும். படகு கோணக்கூடாது, வேகம் கூடிக் குறையக்கூடாது. அதனால் ஓட்டுகிறவனுக்குக் கை நிதானம் வேண்டும். எனக்கு இருந்தது. அதுதான் என் கேடு. ஐயாவுக்கு என்னை விட்டால் ஓட்ட ஆள் இல்லை, ஆகவே மிதவை ஓட்டத்தில் நான் கயிற்றின் அந்த முனைக்குப் போனதே இல்லை. மிதவை கட்டாத நாளில் வேறு யாரும் ஓட்ட, நேரே இழுபட்டுப் போயிருக்கிறேன், மிதவை சுற்றியதில்லை. ஒவ்வொரு முறையும் ஐயா சொல்வார், “அடுத்தமுறை நீ, யோசேப்பு.” ஆறு வருடமாக அந்த அடுத்த முறை வந்துகொண்டே இருந்தது.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, கடலில் வேகமாக ஓடும் எதையும் நல்ல கண்ணால் பார்க்க ஆள் இல்லை. படகு கொட்டிலிலேயே கிடந்தது. கிடந்தால் மெசின் இறுகிப் போய்விடும் அல்லவா? சனிக்கிழமை தவறாமல், பாதியாக வெட்டிய தகரப் பீப்பாவில் எங்கள் ஒழுங்கையின் நல்ல தண்ணீரை நிரப்பி, மெசினின் காலை அதற்குள் இறக்கிப் பத்து நிமிடம் ஓட்டுவேன். மழை, காய்ச்சல், ஊரடங்கு ஒன்றும் பார்க்கவில்லை. ஒழுங்கை என்றால் எங்கள் வீட்டுச் சந்து. அதில் இரண்டு கிணறுகள். ஒன்று உப்புக் கிணறு, குளிக்க. மற்றது நல்ல தண்ணீர்க் கிணறு, குடிக்க. குடிக்கிற தண்ணீரை மெசினுக்குக் கொடுக்கிறான் என்று அம்மா ஏசுவாள்.

மார்கழியில் ஐயா வந்தார். குடும்பத்தோடு கனடா போகிறாராம். “கடைசியாய் ஒருக்கா ஓடுவம் யோசேப்பு. முதல் நான். பிறகு நீ ஓடு, நான் படகு பிடிக்கிறன்.”

“ஐயா படகு பிடிக்கிறதெண்டால் நான் முதல் சுவாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்துபோட்டு வாறன்” என்றேன். சிரித்தார். அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

கடல் சரிப்படாது என்பதால் தொண்டைமானாற்றைத் தேர்ந்தோம். அங்கே அணைக்கு உட்பக்கம் நீரேரி. மாரி மழை முடிந்த கையோடு ஆழமும் இருக்கும், அலையும் இராது. குருநகரில் இருந்து பதினைந்து கட்டைக்குக் கொஞ்சம் கூட. மைலை நாங்கள் கட்டை என்போம். ட்ரக்டருக்கு நீர்வேலியில் இருந்து செல்லத்துரை அண்ணையைப் பிடித்தோம். போய்வர இருநூற்றைம்பது ரூபா. வாழைத் தோட்டக்காரர், ஐம்பது வயது, தண்ணீரில் கால் வைத்ததெல்லாம் வாய்க்காலில்தான்.

படகு ஏற்றும் விதத்தை அவரிடம்தான் படித்தேன். ட்ரக்டரின் பின்பெட்டியில் பன்னிரண்டு வாழைக்குற்றிகளைக் குறுக்கே அடுக்கி அதன்மேல் படகை வைத்தார். ஒரு கீறல் விழவில்லை. ஆனால் சாறு கசிந்து வழுக்கும், ஆகவே இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுங்கள். மெசினைக் கழற்றி நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். ஓடி முடிந்ததும் கழுவுவதற்கு, எங்கள் கிணற்றுத் தண்ணீரை இருபத்தைந்து லீற்றர் கான்களில் நான்கு கான் ஏற்றினேன். ஊரான் தண்ணீரை மெசினுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

செல்லத்துரை அண்ணைக்குத் தாகம். ஒரு கானைச் சரித்துக் கையில் ஏந்தி ஒரு மிடறு குடித்தார். குடித்த வேகத்தில் மதிலில் துப்பினார்.

“என்னடாப்பா உது? உப்புக் கரிக்குது! உதைக் குடிச்சே உயிரோடை இருக்கிறியள்?”

“அண்ணை, நீங்கள் வாழைக்குப் பாயிற தண்ணியைக் குடிச்சு வாழைமட்டை மாதிரி நைஞ்சு போனியள். கருவாட்டைப் பாருங்கோ, உப்புப் பட்டதாலைதானே பழுதாகாமல் கிடக்குது.”

ஒழுங்கை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். என் வாய் எப்போதும் என் மூளைக்கு முன்னால் ஓடும்.

முதல் பூசை பார்த்துவிட்டு ஆறே முக்காலுக்கு வெளிக்கிட்டோம். ஐயா தன் காரில் முன்னால் போய்விட்டார். கோப்பாயில் ஒரு பொலிஸ்காரர் மறித்து, “கடல் அங்கால்பக்கம். படகு எங்கை போகுது?” என்றார். “கடல் அலுத்துப்போச்சாம் ஐயா, தோட்டம் பாக்க வெளிக்கிட்டிட்டுது” என்றேன். படகைச் சுற்றி வந்தவர் வாழைக்குற்றிகளைப் பார்த்துவிட்டுச் சிரித்து விட்டார். புத்தூர்ச் சந்தியில் தேத்தண்ணியும் வடையும், இரண்டு பேருக்கும் நாலு ரூபா. இடதுபக்கம் திரும்பி அச்சுவேலியால் போய்ச் சேர ஒன்பது பத்து.

மிதவைக்கு எண்ணெய்க் கான்கள். செம்மஞ்சள் பெயின்ற் அடித்து, கல்லுக் கட்டி, முடிச்சுப் போட்ட கயிற்றால் அளந்து ஆறையும் இறக்க ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. சந்நிதிக் கோயில் மணி அடித்தபோது ஐயா கரையில் நின்றபடியே கும்பிட்டார். நான் ஓட்டுவது, செல்லத்துரை அண்ணை பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்து ஐயா விழுந்தால் சொல்வது. அப்படி ஒருவர் கட்டாயம் இருக்கவேண்டும்.

“நான் என்ன சொல்லவேணும்?”

“விழுந்தால் விழுந்தார் எண்டு சொல்லுங்கோ.”

“விழாட்டி?”

“விழாட்டிச் சும்மா இருங்கோ. உங்களுக்கு அதுதான் கஷ்டம்.”

ஐயா இரண்டு தடவை போய்வந்தார். இரண்டு தடவையும் ஆறு மிதவை. அந்த ஆளின் கழுத்து நரம்பில் அன்றைக்கு என்னவோ இருந்தது. ஒவ்வொரு மிதவையையும் கையால் தொட்டுவிட்டுப் போவதுபோலச் சாய்ந்தார்.

இரண்டாவது முறை திரும்பும்போது செல்லத்துரை அண்ணை என் முதுகில் தட்டினார். “தம்பி, உந்த மெசின் ஒரு ஓட்டையாலை தண்ணி விட்டுக்கொண்டு வந்தது. இப்ப மெலிஞ்சு போச்சு.”

திரும்பிப் பார்த்தேன். கீழேயிருந்து தண்ணீரை உறிஞ்சித் தன்னைக் குளிரவைத்துவிட்டு மெசின் வெளியே விடுகிற தண்ணீர் அது. சுண்டுவிரல் கனத்துக்கு வரவேண்டும். தையல் நூல் மாதிரி வந்தது. அப்படி வந்தால் மெசினை அந்த நிமிடமே நிற்பாட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவனே நான்.

அடுத்த முறை என்னுடையது.

“நீங்கள் உத்துப் பாத்தால் பொம்பிளையள் மாதிரி அதுக்கும் வெக்கம் வராதோ அண்ணை?” என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஐயா படகில் ஏறினார். நான் இறங்கினேன்.

அதைச் சொல்லத்தானே வேண்டும். தண்ணீரில் குந்தியிருந்து, பலகையின் மூக்கை மேலே நீட்டி, கயிறு இறுகியதும் கையைக் காட்டினேன். வயிற்றைப் பிடித்து யாரோ தூக்கி நிற்பாட்டியதுபோல எழும்பினேன். முதல் மிதவை வலப்பக்கம். படகுக்கு எதிர்ப்புறமாக உடம்பை முழுதாகச் சாய்த்தேன், ஒரு கையை விட்டேன், சுற்றினேன். இரண்டாவது இடப்பக்கம். தண்ணீர் என் தோளுக்கு மேலால் சுவர்போல எழும்பியது. மூன்றாவது வலம். ஆறு வருடம் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது இதுதானா என்று எனக்கு ஆத்திரமே வந்தது.

நாலாவதுக்குக் குறுக்கே போகும்போது மெசின் ஒருமுறை கிறீச்சிட்டது. கயிறு தொய்ந்தது. நான் மெல்ல மெல்ல இடுப்பு வரைக்கும், பிறகு கழுத்து வரைக்கும் இறங்கினேன். செல்லத்துரை அண்ணை தன் வேலையைச் சரியாகச் செய்தார். “விழுந்தார்! விழுந்தார்!” என்று ஐயாவின் காதுக்குள் கத்தினார்.

நீந்திப் போய்ப் படகில் ஏறினேன். மெசினைக் கிளப்புகிற இழுகயிற்றை ஐயா இழுத்தார், நான் இழுத்தேன். அசையவில்லை. உள்ளே எல்லாம் ஒன்றாய் இறுகிவிட்டது. சறுக்குப் பலகையாலேயே வலித்துக் கரைக்கு வந்தோம். ஏச்சுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஐயா என் தோளில் கை வைத்தார்.

“மெசினுக்கும் வயசு போட்டுது. நீ பாத்தபடியால்தான் இவ்வளவு காலம் ஓடினது. வேறை ஆரும் எண்டால் எப்பவோ முடிஞ்சிருக்கும்.”

செல்லத்துரை அண்ணை என்னைப் பார்த்தார். நான் வாழைக்குற்றிகளைப் பார்த்தேன்.

ஐயாவுக்குப் பெட்டி கட்டுகிற வேலை. இரண்டு மணிக்குக் காரில் போய்விட்டார். நாங்கள் நாலரைக்கு நீர்வேலியில் அண்ணையின் தோட்டத்தில் நிற்பாட்டினோம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திருகுசாவியைப் போட்டு மெசினின் தலைப்பக்க மூடியைக் கழற்றினேன். தண்ணீர் ஓடுகிற வழி முழுவதும் வெள்ளையாகக் கல்லுப்போல அடைத்திருந்தது. உளி கொண்டு கிண்டினேன். அண்ணை ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தார். இந்தமுறை துப்பவில்லை.

“காலமை நான் சொன்னதெல்லே” என்றார் மெதுவாக. பிறகு தன் கிணற்றில் இருந்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

குடித்தேன். சப்பென்று இருந்தது. எதையோ போட மறந்துவிட்டார்கள் என்று பட்டது. அதன் பிறகு என் கானைச் சரித்து, எங்கள் நல்ல தண்ணீரை, பிறந்ததில் இருந்து குடிக்கிற தண்ணீரை, ஒரு மிடறு குடித்தேன். கரித்தது. உப்புக் கிணற்றோடு ஒப்பிட்டால்தான் அது நல்ல தண்ணீர். ஐந்து மாதம், சனிக்கிழமை தவறாமல், உப்புத் தண்ணீரைச் சூடாக்கிக் காயவைத்து அந்த மெசினுக்குள் பூசியிருக்கிறேன். சோம்பேறி ஒருவன் கையில் கிடந்திருந்தால் அந்த மெசின் ஒருவேளை தப்பியிருக்கும்.

“ஐயாவுக்குச் சொல்லப் போறியோ?” என்று கேட்டார் அண்ணை.

“சொல்லத்தான் வேணும்.”

செவ்வாய்க்கிழமை நல்லூருக்குப் போனேன். வாசல் முழுக்கப் பெட்டிகள். நான் வாயைத் திறக்குமுன் அவர் உள்ளே போய்ச் சறுக்குப் பலகையைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். “மிச்சம் மூண்டையும் நீதான் சுத்தவேணும்” என்றார். ஊரில் எல்லாரையும் நக்கல் அடிக்கிற வாய், “ஓம் ஐயா” என்று மட்டும் சொன்னது. பலகையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் உயிரோடு இருந்த காலம் வரைக்கும் கனடாவில் இருந்து நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, அட்டை போடுவார். உன்னைப்போல மெசின் பார்க்கிறவனை இங்கே காணவில்லை என்று ஒவ்வொன்றிலும் எழுதுவார். பதில் போட எழுத்து வராது என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். பலகை, தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து எல்லாரும் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது கொட்டில் கூரை வளையில் செருகியபடி நின்றது. திரும்பி வந்தபோது கொட்டிலே இல்லை.

சரி, போகிறவர்களுக்கு. தை, மாசியில் போங்கள். பங்குனிக்குப் பிறகு தண்ணீர் வற்றிச் சேறு தட்டும். காலை பத்துக்கு முதல் காற்று இல்லை. கயிறு எழுபத்தைந்து அடி போதும். பின்னால் பார்க்க ஒருவரை இருத்துங்கள். அவர் ஏதும் சொன்னால் பகிடி விடாமல் திரும்பிப் பாருங்கள். மெசின் விடுகிற தண்ணீர் மெலிந்தால், கயிற்றில் அடுத்த ஆள் யாராக இருந்தாலும் நிற்பாட்டுங்கள். ஓடி முடிந்ததும் பத்து நிமிடம் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

அந்தத் தண்ணீரை நீங்கள் குடித்துப் பார்த்து நல்லது என்று நம்பாதீர்கள். வேறு ஊர்க்காரர் ஒருவருக்கு ஒரு மிடறு கொடுங்கள். அவர் துப்பினால், சிரிக்காதீர்கள்.